நீளவாக்கில் மட்டும் ஓடும் பாதை

ஜெர்மானிய சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பான ஏ.டி.எஃப்.சி. தொலைதூர சைக்கிள் பாதைகளுக்கு நட்சத்திரங்கள் வழங்குகிறது. 2008இல் முதன்முதலாக ஐந்து நட்சத்திரமும் பெற்றது மைன் ஆற்றங்கரைப் பாதை. தளம் எப்படி இருக்கிறது, வழிகாட்டிப் பலகைகள் ஒழுங்காக உள்ளனவா, மோட்டார் வாகனத் தொல்லை எவ்வளவு, தங்க இடம் கிடைக்குமா, பக்கத்தில் ரயில் உண்டா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எல்லாமே தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்தப் பாதையில் ஒரு வாரம் போய்வந்தவருக்கு அந்த வட்டாரம் பிடிபட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஐரோப்பாவில் இத்தனை ஆற்றங்கரைப் பாதைகள் ஒரே அச்சில் பெருகியிருக்காது. ஐரோப்பியத் தொலைதூர சைக்கிள் பாதைகளின் வலையமைப்பான யூரோவெலோவில் ரைன் ஆற்றோடு 15, ரோன் ஆற்றோடு 17, மியூஸ் ஆற்றோடு 19. இவற்றுக்கெல்லாம் உதாரணமாகக் காட்டப்படுவது டான்யூப் பாதை. அதிலும் ஜெர்மனியின் எல்லை நகரமான பாஸாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரையிலான பகுதி. ஆறே வழிகாட்டும்போது வேறென்ன வேண்டும், சைக்கிள் பயணத்துக்கென்றே அமைந்தது ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். அந்த வாதம் தவறு என்று நினைக்கிறேன்.

பாதையின் நன்மைகளை மறுக்கவில்லை. பாஸாவிலிருந்து வியன்னா முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் ஆறு இறங்குவது 150 மீட்டருக்கும் குறைவுதான், அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் மிதித்துவிடலாம். பெரும்பகுதியில் கார் கிடையாது. பல இடங்களில் அக்கரைக்கு ஓடம் உண்டு. கரையோரச் சிற்றூர்களில் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பிழைத்திருப்பதில் இந்தப் பாதைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நெடுந்தூர சைக்கிள் பயணம் திடகாத்திரமான இளைஞர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைத்ததும் இதுதான்.

என் மறுப்பு ஒன்றே ஒன்று, நெடுநாளாக இருப்பது. இந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்பு குறுக்குவாக்கில் நடந்தது. மரமும் கல்லும் குளிர்காற்றும் பக்கத்து மேடுகளிலிருந்து இறங்கி வந்துதான் இந்தக் கரையை உருவாக்கின. பாதையோ நீளவாக்கில் மட்டும் போகிறது. அதில் போகிறவருக்குக் காடு இரண்டு பக்கமும் நிற்கும் பச்சைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், அங்கிருந்து என்ன வந்தது, ஏன் இந்த இடத்தில் இந்த ஊர் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு எட்டுவதில்லை.

ஷ்லோகென் வளைவைப் பாருங்கள். பாஸாவுக்குக் கீழே வடக்கில் மியூல்ஃபியர்டெல் மேட்டுநிலம், தெற்கில் சௌவால்ட் காடு. நடுவே கெட்டிப் பாறையை அறுத்துக்கொண்டு வரும் ஆறு ஷ்லோகெனில் பாறை வழிவிடாமல் வந்த திசைக்கே திரும்புகிறது. டான்யூப் பாதையின் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் படம் இதுதான். அந்தப் படத்தைப் பாதையிலிருந்து எடுக்க முடியாது. கரையில் நிற்பவருக்கு எதிர்க்கரை மரங்களும் ஒரு துண்டு ஆறும்தான் தெரியும். வளைவு கண்ணில் பட வேண்டுமென்றால் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் அரைமணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும். தன் முகமென்று ஒரு பாதை ஊருக்கெல்லாம் காட்டும் காட்சி அந்தப் பாதையில் போகிறவர் கண்ணுக்கே தெரியாது என்றால், பாதை போட்ட இடத்தைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

இன்னும் சற்றுக் கீழே நொய்ஹவுஸ். மேலே ஒரு கோட்டை, கீழே பெரிய மியூல் என்ற சிற்றாறு வந்து கலக்கும் முகம். இந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைப் போல மனிதர் ஆற்றோடும் காட்டோடும் நடத்திய கதைகள் அதிகமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னாவுக்கு விறகு போதவில்லை. விறகு இருந்தது வடக்கே, போகீமியக் காட்டில், ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக்களின் நிலத்தில். ஆனால் அந்தக் காட்டின் ஓடைகளில் பெரும்பாலானவை வில்டாவா ஆற்றில் சேர்ந்து, எல்ப வழியாக வடகடலுக்குப் போகிறவை. வியன்னாவோ தெற்கே, டான்யூப் கரையில். பிரபுக்களிடம் வேலை பார்த்த யோசஃப் ரோசனவர் என்ற பொறியாளர், நீர்ப்பிரிமேட்டையே கடந்து ஒரு கால்வாய் வெட்டினார். 1789இல் தொடங்கிய வேலை. காட்டின் ஓடைகளை வழியில் மறித்துத் தண்ணீர் சேர்த்துக்கொண்டு, மலைச்சரிவை ஒட்டியே வளைந்து வந்த அந்தக் கால்வாய், வடகடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் மிதந்த விறகைத் திருப்பிப் பெரிய மியூல் ஆற்றில் இறக்கியது. அங்கிருந்து நொய்ஹவுஸ். நொய்ஹவுஸில் கரையேற்றிப் படகில் அடுக்கி வியன்னாவுக்கு. ஒரு பெருநகரம் குளிர்காயக் கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டையே தாண்டினார்கள்.

இந்த இடத்தை சைக்கிளில் கடக்க எத்தனை நேரம் ஆகும்? சிற்றாறு கலக்கும் முகம் ஒரு சில நிமிடத்தில் பின்னால் போய்விடும். பெரிய மியூல் மேலே எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வடக்கே திரும்பி ஏறினால்தான் அந்தக் கரைக்கு அர்த்தம் வரும். லின்ஸ் நகரத்தின் ஆற்றங்கரையில் எழுத்தாளர் அடால்பெர்ட் ஷ்டிஃப்டர் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் 1868இல் இறந்ததும் அந்த ஊரில்தான். வாழ்ந்தது கரையில். எழுதியது அந்த வடக்குக் காட்டை. பாதை வீட்டைக் காட்டிவிட்டுக் காட்டை விட்டுவிடுகிறது.

வாகாவ் பகுதியிலும் இதே நிலைதான். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தத் துண்டு, பாதையின் உச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுக்கடுக்கான திராட்சைத் தோட்டங்கள், சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய கல் தடுப்புகள், ஆப்ரிகாட் மரங்கள். அழகுதான், சந்தேகமில்லை. அந்தத் திராட்சைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் ஒரு பாதி, கண்ணுக்குத் தெரியாமல் மேலே இருக்கும் வால்ட்ஃபியர்டெல் காட்டின் வேலை. கிழக்குச் சமவெளியிலிருந்து பகல் வெப்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இரவில் அந்தக் காட்டு மேட்டிலிருந்து குளிர்காற்று பக்கவாட்டு ஓடைப் பள்ளங்கள் வழியே இறங்குகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் பழத்தின் மணம். ஸ்பிட்ஸ் ஊருக்குப் பின்னால் போகும் பக்கப் பள்ளத்தாக்கில் சில கிலோமீட்டர் ஏறினாலே உடம்பில் உறைக்கும் உண்மை இது. கரையோடு போகிறவர் ஒரு கோப்பை மதுவைக் குடித்துவிட்டு டியூர்ன்ஸ்டைனை நோக்கிப் போய்விடுகிறார்.

வேண்டுமென்றால் யாரும் திரும்பி ஏறலாமே, யார் தடுத்தது என்பார்கள். தடுப்பது ஏற்பாடுதான். பயணத்தை விற்பவர்கள் ஏழெட்டு நாளுக்கு விடுதிகளைப் பதிவுசெய்து, பைகளை வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாளுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் என்று தூரமும் குறித்தாயிற்று. பக்கத்தில் ஏறி இறங்குவது அந்தக் கணக்கில் நஷ்டமாகிவிடுகிறது. பாதையின் பலகைகளும் இதையே சொல்லிக்கொடுக்கின்றன: நேராகப் போ, அடுத்த ஊர் இவ்வளவு தூரம்.

முன்பு இதற்கு ஒரு நியாயம் இருந்தது. முந்நூறு மீட்டர் ஏற்றம் பலரால் முடியாது. இன்று அந்தப் பாதையில் எதிரே வரும் சைக்கிள்களில் எத்தனையோ மின்கலம் பூட்டியவை. எழுபது வயதுக்காரர் வியர்க்காமல் மேடேறக்கூடிய வண்டியை வைத்துக்கொண்டு, உலகத்தின் மிகத் தட்டையான பாதைகளில் ஒன்றில் போய்க்கொண்டிருக்கிறார். சமதளம் என்பது இயலாதவர்களுக்கான சலுகையாகத் தொடங்கி, இயன்றவர்களின் பழக்கமாக இறுகிவிட்டது. நடப்பவர்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. 2010இல் திறந்த டோனவ்ஷ்டைக் நடைபாதை பாஸாவிலிருந்து கிரைன் வரை இரு கரையிலும் மேடுகளை ஒட்டியே போகிறது, 450 கிலோமீட்டர். மேடுகளைத் தவிர்த்துவிட்டு இந்தப் பள்ளத்தாக்கைக் காட்ட முடியாது என்று அதே வட்டாரம் ஒப்புக்கொண்டிருக்கிறது. சைக்கிள்காரர்களை மட்டும் ஏன் அடியிலேயே வைத்திருக்க வேண்டும்?

நீளவாக்குக்கும் வரலாறு உண்டு, ரோமானியர் எல்லைக் காவலும் இதே கரையில்தான், பாதையின் பல பகுதிகள் படகை இழுத்த குதிரைகள் நடந்த பழைய தடம்தான் என்று இன்னொரு பதில் வரும். உண்மை. ஆனால் குதிரைகள் இழுத்தது ஆற்றை எதிர்த்து, மேல்நோக்கி. இன்றைய பயணம் பெரும்பாலும் ஆறு ஓடும் திசையில், முதுகில் மேற்குக் காற்றோடு போகிறது. அந்தத் தடத்தின் உழைப்பை அழித்துவிட்டு அதன் சமதளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

இவையெல்லாம் ரசனையைப் பற்றிய சண்டை என்று யாராவது ஒதுக்கலாம். மௌட்ஹவுசனை அப்படி ஒதுக்க முடியாது.

லின்ஸுக்குக் கீழே, வடகரையில், பாதை நேரே இந்த ஊருக்குள் வருகிறது. ஊர் அழகான ஆற்றங்கரை ஊர். கரையோரம் வண்ணச் சுவர் வீடுகள், உட்கார்ந்து குடிக்க இடங்கள். இங்கிருந்து கருங்கல் படகேறி வியன்னாவின் தெருக்களுக்குப் போனது. மேட்டிலிருந்த கல்குவாரி வியன்னா நகரத்துக்கே சொந்தமாக இருந்தது. 1938இல் நாஜிகளின் எஸ்.எஸ். படை அந்தக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்து, அதன் மேலேயே வதைமுகாமைக் கட்டியது. மௌட்ஹவுசனுக்கும் அருகிலிருந்த கூசனுக்கும் துணைமுகாம்களுக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். குறைந்தது 90,000 பேர் அங்கே செத்தார்கள். குவாரியிலிருந்து 186 படிகளில் கைதிகள் முதுகில் கல் சுமந்து ஏறினார்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து சேரும்வரை அது நடந்தது. விறகுக்கும் குளிர்காற்றுக்கும் சொன்ன அதே உண்மைதான் இங்கே தாங்க முடியாத வடிவத்தில் நிற்கிறது: கரைக்கு வந்தது எல்லாம் மேட்டிலிருந்து வந்தது.

முகாம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் மேலே. நினைவிடத்துக்கு வழிகாட்டும் பலகை ஊரில் இருக்கிறது. டான்யூப் பாதையோ அதைக் கிளையாக விட்டுவிட்டுக் கரையோடு கிரைனை நோக்கிப் போகிறது. அன்றைய தூரக் கணக்கும் அடுத்த விடுதியும் பை போய்ச் சேர்ந்த ஊரும் ஒரு பக்கம், ஒரு மேடு இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் வெல்லும் என்பதை யூகிக்கக் கணக்கெடுப்பு தேவையில்லை. விரும்புகிறவர் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடிய இடமா இது? நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் பார்க்க வேண்டியதும், யூரோவெலோ வரைபடம் போடுகிறவர்கள் மாற்ற வேண்டியதும் இந்தச் சில கிலோமீட்டரைத்தான். ரயில் நிலையத்தில் இறக்கிய கைதிகளைப் பட்டப்பகலில் ஊருக்குள் நடத்திக்கொண்டு போய் அந்த மேட்டில் ஏற்றினார்கள், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதான பாதை அந்த வழியே ஏறி, நினைவிடத்தைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். கரையோடு போக விரும்புகிறவருக்கு வேண்டுமானால் ஒரு கிளைப்பலகை வைக்கட்டும்.