ரோகிணித் தண்ணீரும் பூட்டிய கோயிலும்

எங்கள் சேரியில் ஒரு பகுத்தறிவுக் கூட்டம். பேச வந்த தோழர் டவுன்காரர், நல்ல மனுஷன். கடவுள் இல்லை என்பதை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு விளக்கினார். எல்லாம் முடிந்து டீ குடிக்கிறபோது எங்கம்மா கேட்டாள்: "இல்லாத சாமிக்கு எதுக்குத் தம்பி ஊர்க்காரன் பூட்டு போட்டுக் காவக் காக்குறான்?" தோழர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தோ தெரியாமலோ அம்மா கேள்வியையே மாற்றிப்போட்டுவிட்டாள்.

ஐரோப்பியத் தத்துவம் மதத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் பல. நம்மூருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஒன்றுதான்: உண்மையா, பொய்யா? இங்கர்சாலும் ரஸ்ஸலும் அந்தக் கேள்வியோடுதான் சுயமரியாதை இயக்கத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தார்கள். மார்க்ஸ் வந்தபோதும் 'அபினி' என்கிற ஒரு சொல்லாகத்தான் வந்தார். வலிபடுகிறவனுடைய ஆறுதல் பற்றியும் அவர் அதே பத்தியில் பேசியிருப்பதை மேடைகள் மறந்துவிட்டன. இந்தப் பிரச்சாரம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பூசாரிக்குப் பயப்படாமல் இருக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். ஆனால் பூட்டு அதனால் திறக்கவில்லை.

அம்பேத்கருக்கு இந்தக் கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. 1913 முதல் 1916 வரை அவர் கொலம்பியாவில் படித்தபோது அங்கே ஜான் டூயி ஆசிரியராக இருந்தார். ஒரு கருத்து உண்மையா என்று அது பிறந்த இடத்தில் தேடாதே, மனிதர்களுக்கு நடுவில் அது என்ன செய்கிறது என்று பார் என்பது டூயியின் வழி. 1936-இல் லாகூரில் பேச அழைத்துவிட்டுப் பிறகு கூட்டத்தையே ரத்து செய்தார்களே, அந்தச் சாதி ஒழிப்பு உரையில் டூயியைத் தன் ஆசிரியர் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். விதி வேறு, கோட்பாடு வேறு என்று அதில் அவர் பிரிப்பதும் டூயியும் டஃப்ட்ஸும் சேர்ந்து 1908-இல் எழுதிய அறவியல் நூலில் இருக்கிற பிரிவுதான். விதி, இதைச் செய் அதைச் செய்யாதே என்று கட்டளை போடும். கோட்பாடு, நீயே யோசித்து முடிவெடு என்று பொறுப்பை உன் தலையில் வைக்கும். இந்து மதம் வெறும் விதிகளின் மூட்டை, அதனால் அது மதமே அல்ல, சட்டம். அதை அழிப்பதில் மதத்துரோகம் ஒன்றுமில்லை என்கிறார். ஆண்டவன் உண்டா இல்லையா என்று இந்த இடத்தில் அவர் கேட்கவேயில்லை. எங்கம்மாவும் கேட்கவில்லை.

டூயி 1934-இல் எழுதிய பொது நம்பிக்கை பற்றிய நூலில் மதங்களை ஒரு பக்கமும் மதத்தன்மையான அனுபவத்தை மறு பக்கமும் வைத்துப் பிரித்தார். அமெரிக்க வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது ஒரு தத்துவச் சிக்கல். மகாத் சவுதார் குளத்தில் 1927-இல் தண்ணீர் குடித்ததற்காக ஜனங்கள் அடிபட்டதைப் பார்த்தவருக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். அதனால்தான் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் அவர் தூர நடந்து போனார். டூயி எந்த மதத்தையும் கட்டவில்லை. இவர் கட்டினார்.

கட்டியதை 'புத்தரும் அவர் தம்மமும்' என்கிற பிரதியில் பார்க்கலாம். அவர் 1956 டிசம்பர் 6-இல் இறந்த பிறகு, 1957-இல் வந்த புத்தகம். கிழவன், நோயாளி, பிணம் என்று மூன்றைப் பார்த்துச் சித்தார்த்தன் வீட்டை விட்டுப் போனான் என்கிற பழைய கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயது வரை ஒருவன் கிழவனையே பார்த்ததில்லையா என்பது அவருடைய வாதம். அந்த இடத்தில் சாக்கியருக்கும் கோலியருக்கும் நடந்த ரோகிணி ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையை வைக்கிறார். சங்கம் போருக்கு ஓட்டுப் போடுகிறது, சித்தார்த்தன் எதிர்க்கிறான், தண்டனைக்குப் பதில் துறவை ஏற்றுக்கொண்டு நாட்டை விட்டுப் போகிறான். பாலி உரைகளிலும் இந்தச் சண்டை உண்டு. ஆனால் அங்கே அது ஞானம் பெற்ற புத்தர் வந்து தீர்த்துவைக்கிற சண்டை. அம்பேத்கர் அதைத் துறவுக்கு முன்னால் கொண்டுவந்து துறவுக்கே காரணமாக்கிவிட்டார்.

இதை வரலாற்றுப் பிழை என்று சொல்கிற பண்டிதர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீருக்காக அடி வாங்கிய சமூகத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு மதத்தின் வாசலிலேயே தண்ணீரை வைக்கிறார், அவ்வளவுதான். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த சேதியைப் படித்த அன்று நான் திரும்பவும் எடுத்தது இந்த அத்தியாயத்தைத்தான்.

எனக்குத் தகராறு வேறு இடத்தில். பிறப்பு துக்கம், மூப்பு துக்கம், சாவு துக்கம் என்கிற நாலு உண்மைகள் புத்தர் சொன்னவைதானா, பின்னால் பிக்குகள் சேர்த்தவையா என்று முன்னுரையிலேயே சந்தேகத்தைக் கிளப்புகிறார். அது நம்பிக்கை வறண்ட போதனையாகிவிடும் என்று பயப்படுகிறார். மனிதன் மனிதனுக்குச் செய்கிற அநீதிதான் அவருடைய கண்ணில் பெரிய துக்கம். நியாயம்தான். ஆனால் சாவு? நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். பண்டரிபுரம் போக ஆசைப்பட்ட மனைவி ரமாபாயிடம், நம்மை வாசலில் நிறுத்துகிற அந்தப் பண்டரிபுரம் நமக்கு வேண்டாம், வேறொன்றை உண்டாக்குவோம் என்று அவர் சொன்னதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1935-இல் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார். துக்கம் தெரியாத மனிதர் எழுதிய புத்தகம் அல்ல இது. தெரிந்தே அதை ஓரமாக நகர்த்தியிருக்கிறார். ஏன் என்று நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் போன பாதை வேறு. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவருக்கு டூயி தேவைப்படவில்லை. ஜனங்கள் கும்பிடுகிற சாமியைப் பொய் என்று சொல்லாமல், இது யாருடைய சாமி, யார் திருடினான் என்று கேட்டார். அவ்வையை அம்பிகையம்மனாக, பௌத்தப் பெண்துறவியாக வாசித்தார். தீபாவளியை எள் எண்ணெய் கண்டுபிடித்த நாளாக்கினார். சொல்லாராய்ச்சி பல இடங்களில் நிற்காது. இருந்தாலும் அவரிடம் எங்கம்மா உட்கார இடம் இருக்கிறது. அம்பேத்கரின் தம்மத்துக்குள் அவள் வர வேண்டுமானால் அம்மனை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். 1956 அக்டோபரில் நாக்பூரில் எடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகள் அதைத்தான் கேட்கின்றன.

ஆறாவது உறுதிமொழி சிரார்த்தம் செய்ய மாட்டேன், பிண்டம் போட மாட்டேன் என்பது. அப்பா செத்தபோது நான் அதைச் சொல்லிக் காரியம் வேண்டாம் என்றேன். அம்மா மறுக்கவில்லை. "ஐயரு வேணாம், பிண்டம் வேணாம், சரிய்யா. அழுவறதுக்கு ஒரு நாளு வேணுமில்ல?" என்றாள். பதினாறாம் நாள் அத்தைமார்கள் வந்து விடிய விடிய ஒப்பாரி வைத்தார்கள். தோழர்கள் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.