மே மாதத்தில் பிறக்கும் டிராயிங் மாஸ்டர்

திருவொற்றியூரில் அண்மையில் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குப் பொன்னாடை, கேடயம், தட்டில் கேசரி. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “ஓவிய வாத்தியாருக்குப் பட்டப்படிப்பு வேணும், தனிப் பயிற்சி வேணும்னு இப்ப சிலபேர் கிளம்பியிருக்காங்க. லோயர், ஹையர் முடிச்சு, டி.டி.சி. வாங்கின நாங்கதானே இந்தக் கலையரசன், கலையரசிகளை எல்லாம் உருவாக்கினோம்?” என்றார். பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்ததால் நானும் தட்டிவைத்தேன். அந்தக் கைதட்டலுக்கான பிராயச்சித்தம் என்று இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு படி. அதற்குமேல் கோடையில் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சி, அதற்கான சான்றிதழ்தான் டி.டி.சி. நுண்கலைக் கல்லூரியின் வாசலையே பார்த்திராத எத்தனையோ பேருக்கு அரசுப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டது இந்தப் பாதைதான். ஆங்கிலம் தேவைப்படவில்லை, பெரிய பணம் தேவைப்படவில்லை. ஃபிளெக்ஸ் வந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டபோது, ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடைப்பலகையும் படகின் பெயரும் எழுதிப் பிழைத்தவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் இந்தச் சான்றிதழைக் காட்டி வேலைக்குப் போனதால் அடுப்பு எரிந்தது. கையில் நல்ல பிடிமானமும் இந்தத் தேர்வால் வருகிறது. அளவுகோல் இல்லாமல் இவர்கள் இழுக்கும் நேர்கோட்டை நுண்கலைப் பட்டதாரிகள் பலரால் இழுக்க முடியாது. இவ்வளவும் உண்மை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டியாயிற்று.

அந்த 42 நாள் எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மே மாதத்தில். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கும் மாதத்தில். பிள்ளைக்குக் கற்பிக்கப் பழகும் ஒருவர், பிள்ளைகள் யாருமில்லாத கோடை விடுமுறையில் பழகுகிறார். உளவியலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம், பாடத்திட்டம் தயாரிக்கலாம். ஆனால் பதினோரு வயதுப் பையன் ஒருவன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு “சார், எனக்கு வரையவே வராது சார்” என்று சொல்லும்போது என்ன செய்வது? அந்தப் பையன் அப்போது பாட்டி ஊரில் இருக்கிறான். நீச்சல் பயிற்சியைக் கோடையில் நடத்தலாம், குளத்தில் தண்ணீர் இருந்தால்.

பல ஆண்டுகளாக நான் சொல்லிவருவது இதைத்தான். நம் ஓவிய ஆசிரியரின் சான்றிதழ் அவர் கையைச் சோதிக்கிறது. ஒரு குழந்தையின் படத்தை அவருக்குப் பார்க்கத் தெரியுமா என்று இந்த வழியில் எந்தப் படியிலும் யாரும் கேட்பதில்லை.

இது நேற்று முளைத்த கோளாறு அல்ல. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் பிராட்வேயில், அதாவது இதே வடசென்னையின் தலைவாசலில், ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அதனுடன் தொழிற்பிரிவு சேர்ந்தது, 1852இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு நுண்கலைக் கல்லூரியின் தொடக்கம் அது. அந்தக் காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த கலைக்கல்வித் துறையிலிருந்து ஹென்றி கோலும் ரிச்சர்டு ரெட்கிரேவும் அச்சடித்து அனுப்பிய பாடமுறை பேரரசு முழுக்கப் பரவியது. இருபத்துமூன்று படிகள். முதலில் நேர்கோடு, அப்புறம் வடிவியல், அப்புறம் வெளிக்கோடு, அப்புறம் நிழல். தொழிற்சாலைக்கு வேண்டிய கையைத் தயார் செய்வதே அதன் நோக்கம். நம் தேர்வுக்குத் ‘தொழில்நுட்பத் தேர்வு’ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், டிசைன் என்று அந்தத் தாள்களின் பெயரை டிராயிங் மாஸ்டர்கள் வாய்நிறையச் சொல்லும்போது பேசுவது சவுத் கென்சிங்டன்தான்.

வடசென்னைக்காரன் இதைக் கேட்டு ஒரேயடியாகச் சிரித்துவிட முடியாது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட், எண்ணூரில் ஆலை போட்டது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. அந்த ஆலைகளுக்குள் நுழைந்தவனுக்குப் பள்ளியில் போட்ட வடிவியல் படம் சோறு போட்டது. என் சித்தப்பா ஃபிட்டர். வரைபடத்தைப் பார்த்ததுமே உதிரிப்பாகத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிடுவார். டிராயிங் மாஸ்டர் புண்ணியம் என்பார். அது ஒரு காலம். இன்று அந்த வரைபடம் கணினியில் பிறக்கிறது, ஆலைக்குள் போகும் பிள்ளை ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறது. காரணம் போய்விட்டது, பாடமுறை மட்டும் நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நடத்திய ஓவியப் போட்டியில் நானும் ஒரு நடுவர். தலைப்பு ‘எங்கள் ஊர்’. வந்த பிள்ளைகள் எல்லாரும் கடலோரத்துப் பிள்ளைகள். பத்துத் தாளில் ஏழு தாளில் அந்தச் ‘சீனரி’ இருந்தது. இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் குடிசை, சாய்ந்த தென்னை. எண்ணூரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை கிடையாது. இங்கே சூரியன் கடலிலிருந்து வருகிறது, வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை தினமும் அதைப் பார்த்துத்தான் எழுகிறது. மலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் குவியலைச் சொல்லலாம்.

ஒரு தாள் மட்டும் தனியாகக் கிடந்தது. வரைந்த பெண் ஆறாம் வகுப்பு. தாளின் கீழ்ப்பாதி முழுக்கக் கருப்பு, கிரையானை அழுத்தி அழுத்தித் தாளே மெழுகாகப் பளபளத்தது. அதன்மேல் ஒரு படகு. படகைவிடப் பெரிதாக ஓர் ஆள். அந்த ஆளின் உள்ளங்கை மட்டும் முகத்தைவிடப் பெரிது, அதுவும் கருப்பு. வானம் வெள்ளையாக அப்படியே விடப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அடித்துவந்து கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவியதும், மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அதை மொண்டு எடுத்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் பெண்ணின் வீட்டில் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

என்னோடு நடுவராக இருந்தவர் ஓர் ஓவிய ஆசிரியர். நல்ல மனிதர், பிள்ளைகளிடம் அன்பானவர். தாளைப் பார்த்தார். “புரப்போர்ஷன் இல்ல சார். ஷேடிங் இல்ல. வானத்துக்குக் கலரே அடிக்கல, ஃபினிஷிங் போச்சு” என்று பத்துக்கு மூன்று போட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், ஆறுதல் பரிசுகூட வாங்கித்தர முடியவில்லை. வெளியே அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து வானத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். “கருப்பு தீந்துபோச்சு சார்” என்றது.

அவரை நான் குறை சொல்லவில்லை. எதற்கு அவருக்கு மதிப்பெண் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்களோ, அதற்கே அவரும் மதிப்பெண் போட்டார். அளவு, நிழல், முடிப்பு. குழந்தை தனக்கு எது முக்கியமோ அதைப் பெரிதாகப் போடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. வேலை செய்த கை முகத்தைவிடப் பெரிதாகும். குழந்தை அடிக்கோடு ஒன்றைப் போட்டு அதன்மேல் உலகத்தை நிறுத்தும். வீட்டின் சுவர் வழியே உள்ளே இருப்பவரைக் காட்டும். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் வயதுவாரியாக வகுத்துவிட்டார். அதற்கும் ஐம்பது ஆண்டு முன்பே வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஸெக் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நகலெடுக்காதே, உனக்குத் தோன்றுவதை வரை என்று விட்டுவிட்டார். இது ஒன்றும் ரகசிய ஞானமில்லை.

லோவன்ஃபெல்டு சொன்னதில் நமக்கு முக்கியமானது ஒன்பது முதல் பன்னிரண்டு வயது. அதுவரை கூச்சமில்லாமல் கிறுக்கிய குழந்தை அந்த வயதில்தான் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்குகிறது. தன் படம் ‘அதே மாதிரி’ இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் வரைவதை வாழ்நாள் முழுக்கக் கைவிடுவது அங்கேதான். நம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பிள்ளையைச் சந்திப்பது எப்போது? ஆறாம் வகுப்பில், பதினோரு வயதில். தன் கை மேல் பிள்ளைக்குச் சந்தேகம் வந்த அதே வேளையில் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் கையில் குறையில்லாத வெளிக்கோடு ஒன்று இருக்கிறது. அதைக் கரும்பலகையில் போடுகிறார். பிள்ளை பார்க்கிறது. சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. ‘சீனரி’ என்பது அந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ளும் கைத்தடி. ஒருமுறை மனப்பாடமாகிவிட்டால் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கு என்று மறுதரப்பு சொல்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் நாலாண்டு நுண்கலைப் பட்டம் இருக்கிறது, அவர்களை எடுக்கட்டும் என்கிறார்கள். நுண்கலைக் கல்லூரி ஓவியரை உருவாக்க ஏற்பட்டது, ஆசிரியரை உருவாக்க அல்ல. 42 நாள்காரர் வெளிக்கோட்டைத் திணித்தால் நாலாண்டுக்காரர் தன் பாணியைத் திணிப்பார். பிள்ளையின் படம் இரண்டிலும் காணாமல்போகும். பணி நியமனத்துக்கு அரசு வைக்கும் தேர்வோ இன்னும் வேடிக்கை. 2017இல் ஓவியமும் சேர்ந்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தியது. ஓவிய ஆசிரியராக வர நினைத்தவர் அன்றைக்குத் தேர்வறையில் வரைந்ததெல்லாம் விடைத்தாளில் கருப்படித்த வட்டங்கள் மட்டுமே.

இந்த இரண்டையும் விட்டால் வேறு வழி இல்லாமல் இல்லை. காண்கலைக் கல்விக்கென இரண்டாண்டுப் பட்டயப் பயிற்சி ஒன்றைத் தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 2014 விதிமுறைகளிலேயே வகுத்திருக்கிறது. தில்லி ஜாமியா மில்லியாவில் 1951இலேயே பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சி நிலையம் வந்தது. அதற்கும் முன்னால் சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944இல் வார்தா பக்கத்துச் சேவாகிராமத்துக்குப் போய், ராட்டை நூற்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைய வைத்தார். தில்லியும் வார்தாவும் தூரம் என்றால் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் ஓவியக் கல்வியின் தலைமை ஆய்வாளராக 1920களில் இருந்த வின்சர் நகலெடுக்கும் பாடத்தை அசைத்துப் பார்த்தார். அவர் பெயரில் 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய ஓவியக் கழகத்தில் ஊர் ஓவிய ஆசிரியர்கள் கூடி வரைந்தார்கள். ஓவிய ஆசிரியன் என்பவன் தொடர்ந்து பழகவேண்டியவன் என்ற எண்ணம் அங்கே தமிழில் இருந்தது. நம்மிடம் 42ஆம் நாளோடு முடிந்துவிடுகிறது.

சம்பளத்தைப் பேசாமல் பயிற்சியைப் பேசுகிறாயே என்று கோபம் வரும், தெரியும். 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகும் அது 12,500க்குத்தான் வந்தது. கல்வி உரிமைச் சட்டமே கலைக்குப் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ என்று எழுதிவைத்துவிட்டது. அநியாயம்தான், போராட வேண்டியதுதான். ஆனாலும் கேட்கிறேன்: முழுச் சம்பளம் வாங்கி ஓய்வூதியத்தோடு போன அந்த மேடைப் பேச்சாளரின் வகுப்பிலும் இதே இரண்டு மலைதானே இருந்தது? கொஞ்சம் முரட்டுத்தனமான கேள்வி. திரும்பப் பெறமாட்டேன்.

புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்களில் மலை இல்லை. அம்மா இருக்கிறாள், மீன் கூடை இருக்கிறது, சாக்கடை இருக்கிறது. அவரிடம் டி.டி.சி. கேட்டால் என்ன சொல்வாரோ. கலைத் திருவிழா மேடையை நான் வெறுக்கவில்லை. அந்த மேடைக்குப் பரிசோடு வரும் பிள்ளை, வாத்தியார் இல்லாமலும் வரைந்திருக்கும். நான் பேசுவது அதே வகுப்பில் பரிசு வாங்காத மற்ற முப்பத்தொன்பது பேரைப் பற்றி.

நான் கேட்பது பெரிய செலவும் இல்லை. 42 நாளை மேயிலிருந்து எடுத்து ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் பிரித்துப் போடுங்கள். ஹையர் முடித்தவரைக் கத்திவாக்கத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்புங்கள். முதல் பத்து நாள் அவர் எதையும் வரைந்துகாட்டக் கூடாது. பிள்ளைகள் வரைந்ததைச் சேர்த்து, தேதி போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் பிள்ளை என்ன சொன்னது என்று எழுதிவைக்கட்டும். கடைசித் தேர்வு அந்தத் தாள்கட்டிலிருந்து நடக்கட்டும். இதை ஓர் அதிகாரியிடம் சொன்னபோது, பள்ளி நடக்கும்போது பயிற்சிக்கு இடம் எங்கே இருக்கிறது என்றார். பகுதிநேர ஓவிய ஆசிரியர் வாரம் மூன்று அரைநாள்தான் வருகிறார். மீதி நாளெல்லாம் ஓவிய அறை பூட்டித்தான் கிடக்கிறது.