வேர் பிடித்த சொற்கள்

விளாத்திகுளம் கரிசல் காட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பது தமிழ் வழியில். கல்லூரிக்கோ போட்டித் தேர்வுக்கோ போகும்போது கடினமான ஆங்கிலச் சொற்கள் எதிரே வந்து நிற்கும். அப்போது துணைக்கு வருவது லிஃப்கோ அகராதி. சென்னையில் 1929-இல் தொடங்கிய லிஃப்கோ பதிப்பகத்தின் அருமையான புத்தகம் அது.

அதன் அழகு அமைப்பில் இருக்கிறது. முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து ஆங்கிலத்திலேயே விளக்கம், அதன்பின் தமிழில் பொருள். ஆங்கிலம் ஆங்கிலமாகவே மனதில் ஏறும். தடுமாறினால் தாய்மொழி பக்கத்திலேயே நின்று தாங்கும்.

அகராதியில் பார்க்கும் பெரிய ஆங்கிலச் சொற்களுக்குள் பெரும்பாலும் லத்தீன் வேர் ஒளிந்திருக்கும். ‘பெனெ’ என்றால் நன்றாக, ‘மலெ’ என்றால் தீதாக. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெனிஃபிட், பெனவலன்ட், மலவலன்ட் என்று ஒரு குடும்பமே பிடிபடும். மனப்பாடத்துக்கு இல்லாத இன்பம் இதில் உண்டு.

படித்த சொல் நிலைக்க அதைப் புழங்க வேண்டும். பக்கத்து எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையில் தோய்ந்து ‘ஷெல்லிதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர். 1904-இல் சுதேசமித்திரன் நாளிதழில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினார். வாசிப்பும் எழுத்துமாக வளர்ந்த ஆங்கிலம் அவருடையது.

தம்பி, தங்கைகளே, தினம் ஒரு சொல்லை எடுங்கள். வேரைப் பாருங்கள். உங்கள் ஊர் மிளகாயையும் பருத்தியையும் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு அந்தச் சொல் உங்களுடையது.