வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது, பிள்ளைக்கு?

சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எழுந்த எட்டு மாடிக் குடியிருப்புகளை எதைக் கொண்டு எடைபோடுவது? கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டா, அங்கே போன பிள்ளைகளின் நிலையைக் கொண்டா? பணம் தந்த திட்டமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் ஏழைகளுக்கு ஏழு உறுதிகள் அளித்தது: குடியிருப்பு உரிமை, வீடு, குடிநீர், சுகாதார வசதி, கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு.

சென்னை போன்ற பெருநகரங்களில் செலவில் பாதி மத்திய அரசின் பங்கு. அது நான்கு தவணைகளாக வந்தது. முன்பு தந்ததில் 70 சதவீதம் செலவானதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால் அடுத்த தவணை. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. எத்தனை கோடி செலவானது என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லும். எட்டாவது படித்த பெண் ஒன்பதாவதில் சேர்ந்தாளா என்பதைச் சொல்லாது. ஏழு உறுதிகளுக்காக வாங்கிய பணத்துக்கு வீடு என்ற ஒன்றில் மட்டும் கணக்குக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது.

தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகர் வீடுகள் இடிக்கப்பட்டது 2019 டிசம்பர் கடைசியில். கல்வியாண்டு பாதிதான் ஓடியிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் மாநகராட்சியை விட்டு ஊராட்சிக்கு வந்தன. சென்னை மாவட்டத்தை விட்டு, அப்போதுதான் பிரிக்கப்பட்டிருந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தன. ஒரே நாளில் பிள்ளையின் பள்ளி, அங்கன்வாடி, குழந்தை நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாமே மாறின. அம்மாவின் வீட்டு வேலை மட்டும் பழைய தெருவிலேயே இருந்தது. விடியற்காலையில் அவர் பஸ் ஏறினால் திரும்பும்வரை பிள்ளைகள் மேல்மாடியில் தனியே.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஆற்றங்கரையிலேயே மக்களை விட்டுவைக்கச் சொல்ல மாட்டார்கள். சொந்தக் கழிப்பறையும் பூட்டக்கூடிய கதவும் ஒரு பெண்குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் நகருக்குள் இடமே இல்லை என்ற வாதத்தை முழுதாக ஏற்க முடியவில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், தொடக்க ஆண்டுகளில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டித் தந்த வாரியம்தான்.

பொறுப்பு எப்படிச் சுமத்தப்படுகிறது என்பதற்கு, அதே வாரியம் சென்னைப் புளியந்தோப்பில் கட்டிய கே.பி. பார்க் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் புதுக் குடியிருப்பின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. செய்தி பரவியதும் இரண்டு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து கட்டடத்தை ஆய்வு செய்தார்கள். ஆக, நினைத்தால் பொறுப்பைச் சுமத்த அரசால் முடிகிறது. சுவருக்கு ஒரு பொறியாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மறுகுடியமர்வில் படிப்பை விட்ட பிள்ளைக்கு அப்படிப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார்?

குழந்தைகள் பாதுகாப்புக்கென்று மிஷன் வாத்சல்யா இருக்கிறதே என்பார்கள். மத்திய, மாநில அரசுகள் 60:40 பங்கில் நிதி தரும் அந்தத் திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நல்ல திட்டம். ஆனால் நெருக்கடியில் இருக்கும் பிள்ளையை யாராவது அடையாளம் கண்டு சொன்ன பிறகே அந்தப் பணம் நகரும். குடும்பத்தை இடம் மாற்றும்போதே பிள்ளைகளின் பட்டியலைப் புதிய மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் ஒப்படைத்திருந்தால் தேடவே வேண்டியிருக்காது.

என் தீர்ப்பு இது: பெரும்பாக்கம் கட்டுமானமாக ஓரளவு தேறும், மறுவாழ்வாகத் தோற்றுவிட்டது. அந்தத் தோல்விக்குப் பணப் பற்றாக்குறையைவிட, பணத்தை விடுவித்த நிபந்தனைகளே பெரிய காரணம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளி மாணவருக்கும் எமிஸ் என்ற கல்வித் துறைப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கிறது. வீடுகளை ஒதுக்கும் வாரியத்திடம் ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டு எண்ணும் இருக்கிறது. இனி வரும் எந்த மறுகுடியமர்வுத் திட்டத்திலும் இவ்விரண்டையும் இணைத்து, ஓராண்டு கழித்து எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று காட்டிய பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.