பாடு முறையும் வகுப்பறையும்: பழவேற்காட்டு மாணவர்தம் வெளிப்பாட்டு வடிவங்கள்

முன்னுரை

மாணவர் தம் கருத்தைப் படைப்பாற்றலுடன் வெளிப்படுத்தப் பல்வகை வடிவங்களைக் கையாள வேண்டும் என்பது கல்வியாளர் பலரும் உடன்படும் கொள்கையாகும். ஜெரோம் புரூனர் 1966இல் வெளியிட்ட கற்பித்தல் கோட்பாடு குறித்த நூலில் செயல், உருவம், குறியீடு என்னும் மூவகை வடிவங்களை விளக்கினார். தமிழகத்தில் செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும் பாடல், கதை, படம், நடிப்பு ஆகியவற்றைத் தொடக்க வகுப்புகளில் இடம்பெறச் செய்தன. எனினும் இவை எழுத்தை அடைவதற்கான படிகளாகவே கருதப்படுகின்றன. மேல்வகுப்புகளில் தேர்வுத்தாளின் எழுத்தே பெரும்பாலும் அறிவுக்குச் சான்றாகிறது. இப்போக்கின் குறையைப் பழவேற்காட்டு மீனவ ஊர்களின் பாடு முறையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடு: ஒரு பொருள், பல வடிவம்

சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சியில் பகிர்ந்துகொள்ளும் மரபு பாடு எனப்படும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை.

இதனைப் பற்றிக் கட்டுரை மட்டும் எழுதும் மாணவர், பாடு ஒரு நேர்மையான முறை என்னும் பொதுக்கூற்றோடு நின்றுவிடக்கூடும். வரைபடம் வரைபவரோ முகத்துவாரம் எங்கே, எவ்விடத்திற்கு ஏன் மதிப்பு எனக் கேட்டறிய நேரும். அட்டவணை அமைப்பவருக்குச் சுழற்சியின் கணக்குப் புலப்படும். குலுக்கலை நடித்துக் காட்டும்போது, சீட்டில் பெயர் இல்லாதோர் யாவர் என்னும் வினா எழும். பாட்டுரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கே உரியது. பெண்களும் பிறரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். கட்டுரை விட்டுவிடக்கூடிய இவ்வுண்மையை நடிப்பு முன்னிறுத்துகிறது.

தொல்காப்பிய நோக்கில் கூறின், வரைபடம் இடமும் பொழுதுமாகிய முதற்பொருளையும், ஓவியம் வலை, மீன், தொழில் என்னும் கருப்பொருளையும், நாடகம் மாந்தர் உணர்வாகிய உரிப்பொருளையும் நெருங்குகின்றன. ஒன்றின் பணியை மற்றொன்று முழுமையாக ஆற்றவியலாது.

மதிப்பீட்டுச் சிக்கல்

ஓவியத்தையும் நடிப்பையும் மதிப்பிடுவது கடினம் என்பர். அழகையும் திறமையையும் அளக்க முற்படுவதால் எழும் சிக்கல் இது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்கையில் மாணவர் எதனைச் சேர்த்தார், எதனைத் திருத்தினார் என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். நடிப்புக்குப்பின் திருத்தி எழுதப்பெற்ற கட்டுரையில் பாட்டுரிமையற்றோர் இடம்பெற்றால், அங்குக் கற்றல் நிகழ்ந்துள்ளது. இவ்வளவுகோல் இன்றேல், மாணவர் படைப்புகள் கண்காட்சிக்கான அலங்காரமாகவே எஞ்சும்.

முடிவுரை

ஏரியைப் பற்றி மீனவச் சிறார் அறிந்தவற்றுள் பல எழுத்தில் இல்லை. எழுத்து ஒன்றையே ஏற்கும் வகுப்பறையில் அவர்கள் அறியாதோராகத் தோன்றுவர். வெளிப்பாட்டு வடிவங்களை மேல்வகுப்புகள்வரை நீட்டிப்பது, அவர்தம் அறிவை அறிவாக ஏற்பதற்கான முதற்படியாகும்.