இல்லாத ஊரின் விலாசம்

பயங்கரக் கதைக்கு ஒரு வரைபடம் தேவைப்படுகிறது. எங்கோ காட்டில், பெயரில்லாத பாழ் மாளிகையில் பிசாசு வந்தால் குழந்தைக் கதை என்று ஒதுக்கிவிட்டுத் தூங்கிவிடலாம். நகரசபையும் பஸ் நிலையமும் உள்ள ஊரில் வந்தால்தான் உறுத்துகிறது. இதைத் தெரிந்துகொண்ட அமெரிக்க எழுத்தாளர்கள் இருவர், எச். பி. லவ்கிராஃப்டும் ஸ்டீபன் கிங்கும், இல்லாத ஊர்களை இருக்கிற ஊர்களுக்கு நடுவே செருகினார்கள். மாசச்சூஸட்ஸில் ஆர்காம், இன்ஸ்மத். மெய்ன் மாநிலத்தில் டெர்ரி. இவை ‘உண்மையில்’ எந்த ஊர்கள் என்று கண்டுபிடிப்பது வாசகர்களிடையே தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. விடை கிடைத்தவுடன் விஷயம் முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். விமர்சனம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரின் பெயரை மாற்றியபோது எது உள்ளே வந்தது, எது வெளியே நிறுத்தப்பட்டது, அந்த மாற்றத்தால் யார் தப்பித்துக்கொண்டார்கள் என்று கேட்டாக வேண்டும்.

ஆர்காமை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் சேலம்தான் என்று லவ்கிராஃப்டே கடிதங்களில் சொல்லியிருக்கிறார். அந்தச் சேலத்தில் 1692ல் சூனியக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். விசாரணைக்கு உட்பட மறுத்த கிழவர் ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர்கூடச் சூனியக்காரர் இல்லை. லவ்கிராஃப்ட் 1932ல் எழுதிய, சூனியக்காரியின் வீடு பற்றிய கதையில் கெசையா மேஸன் என்றொரு கிழவி வருகிறாள். 1692ல் சேலம் சிறையிலிருந்து மாயமாக மறைந்தவள், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் ஆர்காம் வீட்டில் நடமாடுகிறாள். அவள் நிஜமாகவே சூனியக்காரி. குழந்தையைப் பலி கேட்கிறவள். சேலத்தில் நிரபராதிகள் செத்தார்கள். ஆர்காமிலோ குற்றச்சாட்டு உண்மையாகிறது. நீதிபதிகள் சொன்னது சரி என்றாகிவிடுகிறது. இதைக் கற்பனைச் சுதந்திரம் என்று நாம் சும்மா விட்டுவிட முடியுமா? சரித்திரத்தின் கணக்கை இப்படித் திருத்தி எழுதியதில் செத்தவர்களுக்கு இரண்டாம் முறை அநீதி நடந்திருக்கிறது.

இன்ஸ்மத்தின் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. இதன் மூலம் நியூபரிபோர்ட். ஒரு காலத்தில் கப்பல் கட்டிச் செழித்து, பிறகு வாணிபம் ஓய்ந்துபோன துறைமுகம். 1931ல் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்த லவ்கிராஃப்ட் அதே ஆண்டு இறுதியில் கதையை எழுதினார். கதையில் நியூபரிபோர்ட் தன் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆர்காம் போகும் ஓட்டை பஸ் வழியில் இன்ஸ்மத்தில் நிற்கிறது. நிஜ ஊரிலிருந்து கற்பனை ஊருக்கு, இன்னொரு கற்பனை ஊர் வழியாக, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். சாதாரண வரைபடங்களில் இந்த ஊர் இல்லை என்று கதைசொல்லி நம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

கப்பல்காரர்கள் தென்கடல்களிலிருந்து கொண்டுவந்த உறவால் இன்ஸ்மத் மக்களின் ரத்தம் கலந்து, முகம் மீனாகிறது. குடியேறிகள்மீதும் கலப்பின்மீதும் லவ்கிராஃப்டுக்கு இருந்த வெறுப்பு பிரசித்தம். அந்த வெறுப்புக்குக் கட்டிய ஊர் இது. ஆனால் கதை முடிவில் கதைசொல்லி தன் வம்சத்தைத் தேடிப்போக, அந்த ரத்தம் தனக்குள்ளும் ஓடுவது தெரிகிறது. கண்ணாடியில் தெரிகிற தன் முகமே இன்ஸ்மத் முகம். அந்நியனை வைப்பதற்காகச் சிருஷ்டித்த ஊரே கடைசியில் தன் பூர்வீகமாகிவிடுகிறது. எழுத்தாளரின் துவேஷத்தைக் கதை மீறிப்போகிறது. அவர் விரும்பித்தான் இப்படி எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. எழுதப்பட்டதில் அது இருக்கிறது.

கிங்கின் டெர்ரிக்கு மூலம் அவர் வாழ்ந்த பாங்கர் நகரம். 1984 ஜூலையில் அங்கே சார்லி ஹோவர்ட் என்ற இருபத்துமூன்று வயது இளைஞனை, அவன் ஓரினச் சேர்க்கையாளன் என்பதற்காக, மூன்று பையன்கள் பாலத்திலிருந்து ஓடையில் தள்ளினார்கள். அவன் மூழ்கி இறந்தான். 1986ல் வெளிவந்த ‘இட்’ நாவலில் அதே மாதம், அதே ஓடை. இறப்பவன் பெயர் ஏட்ரியன் மெலன். ஒரு வித்தியாசம். பாலத்தின் கீழே கோமாளி வேஷத்தில் பிசாசு காத்திருக்கிறது. தள்ளியவர்கள் பையன்கள், கொன்று முடிப்பது பிசாசு.

கிங் நேர்மையான எழுத்தாளர். பிசாசு சிறுவர்களைத் தின்னும்போது பெரியவர்கள் பார்த்தும் பாராதவர்களாக இருப்பதுதான் டெர்ரியின் உண்மையான வியாதி என்று அவருக்குத் தெரியும். தெருவில் ஒரு சிறுமி மிரட்டப்படுகிறாள். எதிர்வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். கோமாளி வரும் பக்கங்களைவிட இந்த இரண்டு வரிக் காட்சி என்னை அதிகம் பாதித்தது. ஆனால் நாவல் தன் தரிசனத்துக்கு விசுவாசமாக இல்லை. பிசாசு செத்ததும் புயலில் ஊர் சரிகிறது, குன்றின்மேலிருந்த தண்ணீர்க் கோபுரம் விழுகிறது, உயிர் பிழைத்தவர்கள் எல்லாவற்றையும் மறந்துபோகிறார்கள். இது ஊருக்கே வழங்கப்பட்ட பொதுமன்னிப்பு.

துவேஷம் நிறைந்தவரின் கதை கடைசியில் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறது. நல்லவரின் நாவல் எல்லோரையும் விடுதலை செய்துவிடுகிறது. ஊர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறவர்கள் பாங்கரில் அந்தக் கோபுரத்தைப் பார்க்கலாம். 1897ல் கட்டியது, விழவில்லை. ஓடைக்கரையில் சார்லி ஹோவர்டுக்கு ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. பாலத்தின் கீழே எதுவும் இல்லை, அன்றும் இருக்கவில்லை.