இட்டுக்கட்டிய காட்சிகள்

சென்ற ஷவ்வாலில் மரக்காணத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் விருந்துண்டு, பந்தலடியில் அமர்ந்திருந்தோம். உப்பளத்து வெயில் தணிந்து கழிவெளிப் பக்கமிருந்து காற்று எழுந்த நேரம். அருகில் இளைஞர் சிலர் தமக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தனர். இதுவரை பார்த்த படங்களிலேயே மிக மோசமானது எது என்பதே வழக்கு. இரப்பர்ப் பாம்பொன்று பழிவாங்கிய படத்தை ஒருவர் முன்மொழிந்தார். நாயகர் சுட்டுவிரலால் இரயிலை நிறுத்திய படமே முதலிடத்துக்குரியது என்று மற்றொருவர் வாதாடினார். சிரிப்பொலி அடுப்படி வரை கேட்டது. அதற்குள் ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டார்.

"ஹஜ்ரத், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க. ஆனா நீங்க படமே பார்த்திருக்க மாட்டீங்களே!"

பார்த்திருக்கிறோம். பலவற்றைப் பிறர் வீட்டுத் தொலைக்காட்சியிலும், சிலவற்றை இளமையில் கீற்றுக் கொட்டகையின் மணல் தரையிலும் பார்த்தோம். இதனை எழுதுவதால் முகம் சுளிக்கும் பெரியோர் இருப்பர். அவர்கள் சுளிப்பு நியாயமானதே. ஆயினும் நம் வீடுகளில் திரை ஒன்று எரியாத மாலைப்பொழுது இன்று இல்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளியின் குணத்தை ஆராயாமலிருப்பது பேணுதலாகாது.

மோசமான படம் எது என்னும் கேள்வியை மேலைநாட்டார் ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் மெட்வெட் சகோதரர்கள் 1980-இல் ஒரு நூல் வெளியிட்டு, எட் வுட் என்பவர் இயக்கிய 'பிளான் நைன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்னும் படத்துக்கு உலகின் மிக மோசமான படம் என்ற பட்டத்தைச் சூட்டினர். அதில் கல்லறைக் கற்கள் அட்டைபோல ஆடும். ஒரே காட்சியில் இரவும் பகலும் மாறி மாறி வரும். முக்கிய நடிகரான பேலா லுகோசி 1956-இல் இறந்துவிட, வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் பாத்திரத்தை ஒப்பேற்றுவார். நம் இளைஞர்களின் இரப்பர்ப் பாம்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. இவற்றைப் பார்த்துச் சிரிக்கிறோம், மறந்துவிடுகிறோம். இவற்றால் கெட்டுப்போனவர் எவருமிலர்.

ஹதீஸ் கலை பயின்ற மாணவனுக்கு இங்கே ஒரு பாகுபாடு நினைவுக்கு வரும். அறிவிப்பாளரின் மறதியாலோ தொடர் அறுந்ததாலோ தளர்ந்த செய்தியை 'ளயீஃப்' என்பர். அதன் நோய் வெளியில் தெரியும். 'மவ்ளூஉ' என்பதோ இட்டுக்கட்டியது. அதிலும் கொடியது, நம்பத்தகுந்த பெரியோர் பெயர்களையே அணிவகுத்து, குற்றமற்ற ஸனதொன்றைத் தலையில் சூட்டி, பொய்யான மத்னைக் கீழே வைப்பது. கேட்பவன் ஸனதின் அழகில் மயங்கிச் செய்தியை விழுங்கிவிடுவான்.

பக்தாதில் இமாம் அஹ்மது இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் தொழுத பள்ளியில் ஒரு கதைசொல்லி எழுந்து, அவ்விருவரிடமிருந்தே தான் கேட்டதாக ஒரு கட்டுக்கதையை விரித்தானாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அழைத்துக் கேட்டபோது, "உலகில் நீங்கள் இருவர்தாம் அஹ்மதும் யஹ்யாவுமோ?" என்று அவர்களையே மடக்கினானாம். (இந்தக் கதையையே ஐயுற்ற அறிஞர்களும் உண்டு என்பது இதன் சுவையைக் கூட்டுகிறது.)

ஆகவே நம் தீர்ப்பு இளைஞர்களுக்கு வியப்பாயிருந்தது. மிக மோசமான படத்தை மோசமாக எடுக்கப்பட்ட படங்களில் தேடாதீர்கள், மிக நன்றாக எடுக்கப்பட்டவற்றில் தேடுங்கள் என்றோம். மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருவோரைக் கேட்டால் இது விளங்கும். கறுத்த உப்பு யாரையும் ஏமாற்றுவதில்லை, அதை ஒதுக்கிவிடுவர். வெண்மையான உப்பில் ஒளிந்த மணல்தான் சோற்றில் பல்லை நெருடும்.

உலகத் திரைவரலாற்றிலே இதற்குப் பெருஞ்சான்று கிரிஃபித் என்பவர் 1915-இல் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு'. திரைமொழியின் பல நுட்பங்களுக்கு அதையே பாடமாகக் காட்டுவர். அதே படம் கறுப்பின மக்களைக் காமுகராகவும் மூடராகவும் வரைந்து, அவர்களை வேட்டையாடிய முகமூடிக் கூட்டத்தை மீட்பராகக் காட்டிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் மறைந்துபோயிருந்த கூ கிளக்ஸ் கிளான் புத்துயிர் பெற்றது. படம் பழுதாக எடுக்கப்பட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

தமிழுக்கு வருவோம். 1992 ஆகஸ்டு 15-இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வெளிவந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் முதற்படம். அந்த இசை இன்றும் நம் வீட்டுக் குழந்தைகளின் நாவில் இருக்கிறது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும் அதற்குக் கிடைத்தது. ஒளிப்பதிவு, இசை, நடிப்பு, விருது என இதைவிடத் திடமான ஸனது ஒரு படத்துக்கு அமையாது. இனி மத்னைப் பார்ப்போம்.

காஷ்மீரத்தில் கடத்தப்பட்ட நாயகன் முன் தீவிரவாதிகள் தேசியக்கொடிக்குத் தீ வைக்கின்றனர். அவன் பாய்ந்து தன் உடலால் நெருப்பை அணைக்கிறான். இக்காட்சியின் நடுநடுவே, தீவிரவாதிகளின் தலைவனான லியாகத் அமைதியாகத் தொழுதுகொண்டிருப்பது காட்டப்படுகிறது. ஒரு பக்கம் எரியும் கொடி, மறுபக்கம் ஸஜ்தா. எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அரபு இலக்கணத்தில் பலாஃகா பயின்றோர் 'வஸ்ல்', 'ஃபஸ்ல்' என்னும் பகுதியை அறிவர். இரண்டு வாக்கியங்களை எப்போது இணைப்பது, எப்போது பிரிப்பது என்பதே பலாஃகாவின் உயிர் எனுமளவுக்கு அப்துல் காஹிர் ஜுர்ஜானீ அதை ஆராய்ந்தார். இரண்டு வாக்கியங்களை 'வாவ்' கொண்டு இணைத்தால் அவற்றுக்கிடையே 'ஜாமிஉ' என்னும் பொது உறவு ஒன்று இருக்கவேண்டும். இல்லையேல் இணைப்பு பிழை. திரைப்படத்தில் படத்தொகுப்பாளரின் கத்திரியே வாவ். அது கொடி எரிப்பையும் தொழுகையையும் இணைத்தபோது, அவ்விரண்டுக்கும் ஒரு ஜாமிஉ உண்டு என்று பார்ப்பவன் மனம் தானாகவே கற்பித்துக்கொள்கிறது. நாள்தோறும் ஐந்து வேளை தன் அண்டைவீட்டார் செய்வதும், அந்தத் திரையில் கண்டதும் ஒரே செயல் என்று அவன் மனத்தில் பதிந்துவிடுகிறது. நியாயத்துக்காக ஒன்று சொல்லவேண்டும்: முடிவில் லியாகத் மனம் இளகி நாயகனைப் போகவிடுகிறான். ஆயினும் அந்த இளக்கம் எவர் நினைவிலும் நிற்கவில்லை. நின்றது அந்த இணைப்புத்தான்.

அதற்குப்பின் வந்தவற்றில் 'பம்பாய்' (1995) இருபக்கமும் சமனாகக் காட்ட முயன்றது. வேறு பல படங்களில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தாடிக்காரனை நாயகர் உதைத்து உபதேசிப்பார். அவையெல்லாம் ளயீஃப் வகை. அவற்றுக்காக ஏட்டை வீணாக்க வேண்டியதில்லை.

நம்மை நெடுங்காலமாக உறுத்துவது வேறொன்று. தமிழ்த் திரையில் முஸ்லிம் வாய்திறந்தால் என்ன மொழி பேசுகிறான்? "நம்பள்கி, நிம்பள்கி" என்று தொடங்குகிறான். பட்டாணியருக்கும் வட்டிக்கடைச் சேட்டுக்கும் புனைந்த அந்தக் குதலையையே நாகூர்க்காரர் வாயிலும் காயல்பட்டினத்தார் வாயிலும் திணித்தனர். அவர் எப்போதும் தொப்பியோடு உறங்குவார், 'நமாஸ்' செய்வார், 'அல்லா கசம்' என்பார். நம் வீடுகளிலோ தொழுகை என்கிறோம், நோன்பு என்கிறோம், பள்ளிவாசல் என்கிறோம். பிற தமிழர் வீட்டில் வழக்கொழிந்த 'ஆணம்' என்னும் சொல் நம் அடுப்பில் இன்றும் கொதிக்கிறது. உமறுப்புலவர் அண்ணலாரின் வரலாற்றை 5,000-க்கு மேற்பட்ட விருத்தங்களில் பாடியபோது அரபு நாட்டிலேயே தமிழ் மருதத்தை விளைவித்துக் காட்டினார். அவர் பேரர்கள் தமிழை மென்று துப்புவதாகக் காட்டுவது எந்த அறிவிப்பாளர் தொடரில் வந்த செய்தி? ஆற்காடு, வேலூர்ப் பகுதிகளில் உருதைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்களும் இந்தக் குதலையைப் பேசுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'விஸ்வரூப'த்தில் ஆப்கானிய தீவிரவாதத் தலைவன் சரளமாகத் தமிழ் பேசுகிறான். தமிழகத்தில் தங்கியிருந்தவன் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. ஆக, கறிக்கடை பாய்க்கு வராத தமிழ் காந்தஹாரில் வாழ்பவனுக்கு வருகிறது. முஸ்லிம் நல்ல தமிழ் பேசவேண்டுமாயின் அவன் கையில் துப்பாக்கி இருக்கவேண்டும் போலும்.

அந்தப் படம் நம் சமுதாயத்தை வீதிக்கு இழுத்தது. 2012 நவம்பரில் 'துப்பாக்கி'க்கு எதிர்ப்பு எழுந்து, படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினர். 2013 ஜனவரியில் 'விஸ்வரூப'த்துக்கு அரசு தடை விதித்தது. நீதிமன்றம், மேல்முறையீடு, பேச்சுவார்த்தை எல்லாம் கடந்து, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7-இல் தமிழகத்தில் வெளியாயிற்று. நாயகனும் முஸ்லிமாகவே வரும் படம் அது என்பதைப் பலர் படம் வந்தபின்தான் அறிந்தனர். அந்நாள்களில் கொதித்தவர்களின் மனப்புண் மெய்யானது, அதை இகழோம். ஆனால் வழி சரியா? நம் எண்ணம் வேறு. மனுக்கொடுத்தால் ஒரு காட்சியை வெட்டலாம், அதை மறுக்க முடியாது. வெட்டப்பட்ட காட்சி எதுவென்று தேடிப் பார்த்தவர்களே மிகுதி. இட்டுக்கட்டிய ஹதீஸ்களைக் கண்ட இப்னுல் ஜவ்ஸீ அவற்றைக் கொளுத்தவில்லை. 'கிதாபுல் மவ்ளூஆத்' என்ற நூலில் அவற்றையெல்லாம் திரட்டி, ஒவ்வொன்றிலும் பொய் நுழைந்த வாயில் எதுவென்று எழுதிவைத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மாணவன் அதைப் புரட்டுகிறான். நாமோ சுவரொட்டி எழுதினோம். ஒரு நல்ல விமர்சனக் கட்டுரை எழுத ஆள் கிடைக்கவில்லை. க.மு. ஷெரீப் திரைக்குப் பாட்டெழுதிய சமுதாயம் இது. நாகூர்க் காஜா முகைதீன் 'ரவீந்தர்' என்ற பெயரில் கண்ணதாசனோடு சேர்ந்து 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு உரையாடல் தீட்டிய சமுதாயம். பின்னர் நாமே அத்துறையை விட்டு விலகி நின்று, அங்கே நம் உருவம் கோணலாக வரையப்படுகிறது என்று அழுதோம்.

இதெல்லாம் வெறும் வேடிக்கைக் கதைதானே, ஹஜ்ரத் ஏன் இவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பந்தலடியில் ஒரு தம்பி கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறோம்.

நம் மக்தபில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பிள்ளைகளைச் சற்று விளையாட விடுவது வழக்கம். நாம் சிறுவராயிருந்தபோது ஆடிய 'திருடன் போலீஸ்' இப்போது 'தீவிரவாதி போலீஸ்' ஆகியிருக்கிறது. ஒருநாள் கவனித்தோம். ஒன்பது வயதுப் பிள்ளையொருவன், எவரும் கேட்குமுன்பே, "நான் தீவிரவாதி" என்று தனியே போய் நின்றுகொண்டான். மறுநாளும் அவனே. அழைத்து, "போலீஸாக இருக்க உனக்கு ஆசையில்லையா?" என்று கேட்டோம்.

"ஸ்கூல்ல எப்பவும் நான்தான் ஹஜ்ரத். எனக்குத்தான் நல்லா வரும்" என்றான்.

வருத்தமாகச் சொல்லவில்லை. கிராஅத் நன்றாக வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான். அவனைப் பள்ளியில் அப்படிப் பிரித்த பிள்ளைகளும் தீயவர்களல்லர். பெருநாளன்று அவன் வீட்டில் பிரியாணி உண்பவர்கள்தாம். அவர்கள் தாம் கண்ட படத்தின் இலக்கணத்தைப் பிழையின்றிக் கற்றிருந்தார்கள், அவ்வளவே.

தம்பி பேசாமலிருந்தார். இரப்பர்ப் பாம்பை முன்மொழிந்தவர்தாம் சிறிது நேரங்கழித்து, "அப்படின்னா நல்ல படம்னு ஒண்ணும் இல்லையா ஹஜ்ரத்?" என்றார்.

உண்டு. ஏ. பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' 1961-இல் வெளிவந்தது. அதில் முஸ்லிம் வீட்டில் வளரும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். குறையற்ற படமென்று கூறோம். கண்ணீர் சற்று மிகுதி. தற்செயல்களை நம்பியே கதை நடக்கிறது. ஆனால் ரஹீம் தமிழ் பேசுகிறான். அவன் நல்லவனாயிருப்பதற்கு எவரிடமும் சான்றிதழ் கேட்கப்படவில்லை. அவன் கூட்டத்தோடு பாடும்போது டி.எம். சௌந்தரராஜன் குரலோடு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரலும் சேர்ந்தொலிக்கிறது.

பழைய படமாக அது நம் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைக்கு வந்தபோது நமக்குப் பத்து வயதிருக்கும். நம் அத்தா கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தவரல்லர். மகனை அனுப்பியதே பெரிது. அன்று இஷாவுக்குப் பின் நம்மை அழைத்துப்போக வந்தவர், ஹனீபாவின் குரல் கேட்டதும் கொட்டகைக்கு வெளியே தட்டிக்கு அருகே மணலிலேயே நின்றுவிட்டார். உள்ளிருந்து கீற்றிடுக்கில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. பாட்டு முடியும்வரை அது அசையவில்லை.